பெரிய தொட்டியில் மண் நிரப்புவதும் தண்ணீரை வடிய விடுவதும்



வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. நமது டிரஸ்ட் மூலம் வழங்கப்பட்ட செடி டிரம்கள் பல வீடுகளின் மாடியில் இருக்கின்றன. சொந்தச் செலவில் தொட்டி வைத்திருப்பவர்களும் நம் தெருக்களில் கணிசமாக உண்டு. மழைக்கு முன் அவற்றில் சரி செய்ய வேண்டிய சில விஷயங்களை இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறோம். நாங்கள் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டியிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

எங்கள் தவறு

காந்தி மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களில் கணவரை இழந்த பெண்களும் கூலி வேலை செய்பவர்களும் அதிகம். மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தாலும் விலை ஏறும் நாட்களில் தக்காளியும் மிளகாயும் கைக்கு எட்டுவதில்லை. வீட்டிலேயே கொஞ்சம் காய்த்தால் நல்லது என்று நினைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் முப்பது குடும்பங்களுக்கு, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம் மும்மூன்று வீதம் கொடுத்தோம். சதகா பணத்தில்தான் வாங்கினோம். கொடுத்த நாளில், “அடியில் நாலு விரல் உயரம் ஜல்லி போடுங்கள், அதன் மேல் மண் போடுங்கள், தண்ணீர் நன்றாக வடியும்” என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். காலங்காலமாக எல்லோரும் சொல்வதுதானே என்று வேறு யோசனை செய்யவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட டிரம்களில் செடி அழுகிவிட்டது. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்றும் நடந்தது. வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் மூன்று டிரம்களையும் தளத்தின் மேலேயே, மழைநீர்க் குழாயின் வாயை ஒட்டி வைத்திருந்தது. தண்ணீர் தேங்கிக் கீழ்ப் போர்ஷனின் கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். நாங்கள் போய்ப் பேசி, டிரம்களை அப்புறப்படுத்தி, கொத்தனார் கூலியையும் கொடுத்த பிறகுதான் அந்தக் குடும்பம் அங்கேயே இருக்க முடிந்தது. உதவி என்று நாம் கொடுத்த பொருள் ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்தது. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நாங்கள் இருந்ததே இதற்குக் காரணம்.

எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர் இடியாப்பம் அவித்து விற்கும் ஒரு நன்னிமா. அடுத்த ரமலானுக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது மூன்று டிரம்களிலும் கத்தரி காய்த்துக் கிடந்தது. எப்படி என்று கேட்டோம். “பாய், நீங்க கல்லு போடச் சொன்னீங்க, போட்டேன். செடி செத்துப்போச்சு. கவுத்துப் பார்த்தா கல்லுக்கு மேல மண்ணு சேறா நின்னுச்சு, கல்லு காஞ்சு கிடந்துச்சு. அப்புறம் கல்ல எடுத்து வெளிய போட்டுட்டு வெறும் மண்ணு போட்டேன். இப்ப காய்க்குது” என்றார்.

கல் ஏன் உதவவில்லை

நன்னிமா கண்டது மண்ணின் இயல்பு. அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

கொடியில் காயும் துண்டைக் கவனியுங்கள். மேல் பகுதி காய்ந்த பிறகும் அடி ஓரம் ஈரமாகவே இருக்கும். சொட்டுவது நின்ற பிறகும் அந்த ஓரத்தில் தண்ணீர் நிற்கும். துணியின் நூல் இடுக்குகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துத் தட்டில் படுக்க வைத்துத் தூக்குங்கள். சொட்டி முடிந்ததும் அதையே செங்குத்தாக நிறுத்திப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம் கூடியதும் கூடுதலாக வடிகிறது.

தொட்டி மண்ணும் அப்படியே. வடிந்து முடிந்த பிறகும் அடியில் சில விரல் உயரத்துக்கு மண் முழு ஈரமாக நிற்கும். அந்த ஈரப் பட்டையின் உயரத்தை முடிவு செய்வது மண்ணின் தன்மை. பொடி மண் என்றால் பட்டை உயரமாக இருக்கும், பருமனான கலவை என்றால் குறைவாக இருக்கும். தொட்டி சிறியதோ பெரியதோ, அந்தப் பட்டை அதே அளவில்தான் இருக்கும்.

அடியில் ஜல்லி போட்டால் என்ன ஆகிறது? மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இறுகப் பிடித்திருக்கின்றன. ஜல்லிக்கு நடுவில் இருப்பது பெரிய பெரிய இடைவெளி. மேலே உள்ள மண் முழுதாக நனைந்து ததும்பும் வரை தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்காது. ஆகவே அடியில் நிற்க வேண்டிய ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறிக்கொள்கிறது. ஒன்றரை அடி உயர டிரம்மில் நாலு விரல் ஜல்லி போட்டால் வேருக்கு நாலு விரல் இடம் போய்விடுகிறது, சேறும் வேருக்கு அத்தனை பக்கத்தில் வந்துவிடுகிறது. வேருக்குக் காற்றும் வேண்டும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பினால் வேர் மூச்சு முட்டி அழுகிவிடும்.

எனவே ஜல்லி, உடைந்த ஓடு, தெர்மாகோல் துண்டு எதையும் அடியில் அடுக்காதீர்கள். தேங்காய் மட்டையும் வேண்டாம். அது மக்க மக்க மண் உள்ளே இறங்கிச் செடி சாய்ந்துவிடும். மேலிருந்து அடி வரை ஒரே கலவையாக இருக்கட்டும். கீரைக்கு முக்கால் அடி மண் போதும். அதற்காகப் பெரிய டிரம்மை எடுத்து அடியில் எதையாவது திணிப்பதைவிட ஆழம் குறைந்த தொட்டியை எடுப்பதே முறை. மிளகாய், தக்காளி, கத்தரிக்கு ஒரு அடிக்குக் குறையாமல் மண் வேண்டும். எலுமிச்சை, முருங்கைக்கு ஒன்றரை அடியாவது வேண்டும். பெரிய டிரம் இவற்றுக்குத்தான்.

துளை

தண்ணீரை வெளியேற்றுவது துளைதான். 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே பாதியாக அறுத்தால் 100 லிட்டர் தொட்டி இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் அரை அங்குலத் துளை எட்டு முதல் பத்து வரை பரவலாகப் போட வேண்டும். அடிப்பக்கம் நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் இருந்தால் பள்ளமான இடத்தில் துளை அவசியம். இத்துடன் பக்கச் சுவரிலும் அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் நான்கு துளை போடுங்கள். அடித் துளை அடைத்துக்கொண்டால் இவை காப்பாற்றும், கம்பி விட்டுக் குத்திப் பார்க்கவும் வசதி.

துளையின் மேல் பாலிதீன் போடாதீர்கள். பசுமை வலைத் துண்டு ஒன்று, அல்லது ஒரு பிடி தேங்காய் நார் போதும். மண் வெளியேறாமல் இருந்தால் சரி, அதற்கு மேல் வேறு அடுக்கு தேவையில்லை. துளை போட டிரில் மிஷின் நல்லது. கம்பியைக் காய்ச்சிப் போடுவதென்றால் திறந்த வெளியில் செய்யுங்கள். பிளாஸ்டிக் புகையைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது.

டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். ஆசிட், பூச்சி மருந்து, பெயின்ட் இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் சாப்பிடும் காய்க்கு ஆகாது. ஊறுகாய், சர்க்கரைப் பாகு போன்ற உணவுப் பொருள் வந்த டிரம்தான் பாதுகாப்பு. கடைக்காரருக்கே தெரியவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

கலவை

வெறும் மண்ணை டிரம்மில் நிரப்புவது இரண்டு வகையில் தவறு. கனம் கூடும், சில மாதங்களில் இறுகிப்போகும். வயலில் மண்புழுவும் வேரும் மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும், டிரம்மில் அந்த வசதி குறைவு. வீடு இடித்த மண், களிமண் இரண்டும் கூடவே கூடாது.

எங்கள் அனுபவத்தில் சரியாக வந்த அளவு இது: 10 லிட்டர் வாளியில் தென்னை நார்க்கழிவு ஐந்து, செம்மண் இரண்டரை, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் இரண்டரை. இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மொத்தம் பத்து வாளி என்றாலும் கலந்து நனைத்தால் படிந்து டிரம்முக்குச் சரியாக வரும். மணல் சேர்ப்பதென்றால் பருமணலாக இருக்க வேண்டும். பொடி மணல் இடுக்குகளை அடைத்து வடிவதைக் கெடுக்கும்.

நார்க்கழிவு 5 கிலோ கட்டியாகக் கிடைக்கிறது. தண்ணீரில் ஊறவைத்தால் சுமார் ஆறு வாளி வரும், ஒரு டிரம்முக்கு ஒரு கட்டி போதும். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, மீண்டும் நல்ல தண்ணீர் ஊற்றி, இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். பச்சை நார்க்கழிவில் கரிமச் சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. விகிதம் 112க்கு 1 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு ஒரு மாதத்தில் அதை மக்க வைக்கும் முறையைச் சொல்லித் தந்தது. அப்படி மக்கியபின் விகிதம் 24க்கு 1 என இறங்கிவிடுகிறது. கடையில் மக்கிய நார்க்கழிவு கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன அளவுக்குத் தொழு உரத்தைக் குறைக்காமல் சேருங்கள்.

2013-14ல் தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியபோது, அதில் மண்ணுக்குப் பதிலாக நார்க்கழிவுக் கட்டியைத்தான் வைத்தார்கள். மாடிக்குப் பாரம் குறைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்தப் பாரம் பற்றி அடுத்துச் சொல்கிறோம்.

மாடி தாங்குமா?

பாதி டிரம்மில் 85 லிட்டர் அளவுக்கு வெறும் மண் நிரப்பி நனைத்தால் எடை சுமார் 150 கிலோ. இரண்டு பெரிய ஆட்கள் ஒரே இடத்தில் இரவும் பகலும் நிற்பதற்குச் சமம். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டட விதி வைத்திருக்கும் கணக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. ஒரே டிரம் அந்தக் கணக்கு முழுவதையும் தின்றுவிடுகிறது. மேலே சொன்ன நார்க்கழிவுக் கலவை என்றால் நனைந்த நிலையிலும் எடை கணிசமாகக் குறையும்.

அதனால் டிரம்களை மாடியின் நடுவில் கூட்டமாக வைக்காதீர்கள். கீழே சுவரோ பீமோ இருக்கும் ஓரங்களில், ஒன்றுக்கொன்று ஒரு கஜ இடைவெளி விட்டு வையுங்கள். வரகனேரி, தாராநல்லூர், பாலக்கரைப் பக்கம் இன்னும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இருக்கின்றன. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை அது. கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் இறங்கினால் நுனி உளுத்துப்போவது வெளியே தெரியாது. அப்படிப்பட்ட மாடியில் பெரிய தொட்டி வைக்கவே வேண்டாம். முற்றத்திலோ வாசலிலோ தரையில் வையுங்கள். கான்கிரீட் மாடியாக இருந்தாலும் விரிசலோ கம்பி துருப்பிடித்த அடையாளமோ தெரிந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

தொட்டியைத் தளத்தின் மேல் அப்படியே வைக்கக் கூடாது. மூன்று செங்கல் வைத்து அதன் மேல் வையுங்கள். துளை அடைபடாது, அடியில் காற்றோடித் தளம் காயும், வேர் தட்டோட்டு இடுக்கில் இறங்காது. மழைநீர்க் குழாய் வாயிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி வையுங்கள். கலவை கரைந்து போய் அந்த வாயை அடைப்பதுதான் நம் ஜமாஅத்தில் அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது.

நிரப்பும் முறை

முதலில் காலி டிரம்மை அதன் இடத்தில் வையுங்கள். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. கலவையைக் கீழே பரப்பித் தண்ணீர் தெளித்துக் கலக்குங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. காய்ந்த நார்க்கழிவை அப்படியே போட்டால் தண்ணீர் ஓரமாக இறங்கி வெளியே ஓடிவிடும், நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும்.

அரை அடி உயரம் போட்டதும் பூவாளியால் தண்ணீர் ஊற்றிப் படிய விடுங்கள். கையாலோ காலாலோ அமுக்க வேண்டாம். மீண்டும் அரை அடி. மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிறுத்துங்கள். பிறகு ஒரு வாளியில் பாதி, அதாவது 5 லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடத்தில் அடியில் சொட்டத் தொடங்க வேண்டும். மேலே குளம்போல் நின்றுகொண்டே இருந்தால் கலவை பொடியாக இருக்கிறது அல்லது துளை அடைபட்டிருக்கிறது. செடி வைப்பதற்கு முன்பே சரி செய்துவிடுங்கள். ஒரு மாதத்தில் கலவை இறங்கும், அந்த அளவுக்கு உரத்தைக் கலந்து மேலே போடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வேர் அழுகும் செடியும் காய்ந்த செடியைப் போலவே வாடும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. பார்ப்பவர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார், அது செடியைக் கொன்றுவிடும். ஆகவே இலையைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். ஈரமாக இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம். சாக்கடை நாற்றம் வந்தால் அடியில் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்படித் தேங்கினால் பக்கத் துளையில் கம்பி விட்டுக் குத்துங்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு மேலும் ஒரு செங்கல் கொடுத்து டிரம்மைச் சாய்த்து வையுங்கள். சாய்ந்த மூலையில் துளை இருக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்திய ஸ்பாஞ்ச் போல, தேங்கியதில் ஒரு பங்கு அந்த மூலை வழியே வடியும். தடித்த பருத்தித் திரியைத் துளை வழியே உள்ளே செலுத்தி ஒரு சாண் கீழே தொங்கவிட்டாலும் அது தண்ணீரை இழுத்துச் சொட்டும்.

நம் பகுதியில் பெரும்பாலும் போர் தண்ணீர், உப்பு அதிகம். தொட்டியில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். பத்து நாளுக்கு ஒருமுறை அடியில் நன்றாக வடியும் அளவுக்கு ஊற்றினால் உப்பு கழுவப்பட்டுப் போகும். வடிகால் சரியாக இருப்பது இதற்கும் தேவை. ஒளுச் செய்யும் தண்ணீரில் சோப்பு கிடையாது. ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால் வீட்டில் ஐந்து வேளைக்கும் சேரும் தண்ணீர் இரண்டு மூன்று செடிக்குத் தாராளமாகக் காணும். அன்றன்றைக்கே ஊற்றிவிட வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது.

மழைக்கு முன் ஐந்து காரியங்கள்

ஒரே இரவில் 5 செ.மீ. மழை பெய்தால் பாதி டிரம்மின் வாய் வழியே மட்டும் சுமார் 13 லிட்டர் தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் இந்த மாதமே கீழ்க்கண்டவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலாவது, எல்லாத் துளையையும் குத்திப் பாருங்கள். இரண்டாவது, அடியில் ஜல்லி போட்டவர்கள் செடி இல்லாத டிரம்மைக் கொட்டி ஜல்லியை எடுத்துவிடுங்கள். காய்க்கும் செடி இருந்தால் இப்போது கலைக்க வேண்டாம், பக்கத் துளையை மட்டும் ஜல்லியின் மேல்மட்டத்தில் புதிதாகப் போடுங்கள். மூன்றாவது, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தனியாகத் தூக்காதீர்கள், இடுப்பு போய்விடும். நான்காவது, மழைநீர்க் குழாய் வாயைச் சுத்தம் செய்யுங்கள்.

ஐந்தாவது, அடித்தட்டுகளை எடுத்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீரே அதற்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள். முட்டை காய்ந்த தட்டின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். காலி டிரம்களைக் கவிழ்த்து வையுங்கள்.

நம் மாடியில் வடியும் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரைக்கும், நம் தட்டில் பிறக்கும் கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் போகும். பக்கத்து வீட்டார் முஸ்லிமாக இருந்தாலும் பிற சமயத்தவராக இருந்தாலும் அவர்களுக்கு நம் மேல் ஹக் உண்டு. நாம் வைக்கும் செடி அவர்களுக்குத் தொல்லையாகிவிடக் கூடாது.

இன்ஷா அல்லாஹ், வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் நம் டிரஸ்டின் இளைஞர்கள் டிரம் வாங்கிய முப்பது வீடுகளுக்கும் வருவார்கள். துளை போடுவதும் செங்கல் வைப்பதும் எங்கள் பொறுப்பு, கட்டணம் கிடையாது. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, நம் மகளிர் குழுவினருடன் வருவார்கள். செடி அழுகி டிரம் காலியாகக் கிடந்தால் கூச்சப்பட வேண்டாம். தவறாகச் சொல்லிக் கொடுத்தது நாங்கள். கலவையும் நாற்றும் மறுபடி தருகிறோம். சதகா கொடுத்தவர்களின் பணம் எங்களிடம் அமானத்தாக இருந்தது. அதற்கான கணக்கு, டிரம் கொடுத்த ரசீதோடு முடிந்துவிடாது என்று இப்போது தெரிந்துகொண்டோம்.

நன்னிமாவிடம் இந்த முறை கூட வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். “இடியாப்ப வேலை முடிஞ்சதும் வாரேன்” என்று சொல்லியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்